பெட்டகத்தில் இருக்கிறதா?

ஜனவரி 9

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்கச் சொன்னது அம்மா. அவளுக்காக விசாரிக்கிறேன், எனக்காக அல்ல. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதமாவது கடைசி வரிவரைக்கும் போகும் என்று அம்மா நினைக்கிறாள். கண் மங்கிவிட்டதால் நீ எழுதுவதை நான்தான் அவளுக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அதனால் கொஞ்சம் மரியாதையாக எழுது.

நீ வேலை பார்க்கிற நாணயச் சபையின் அறிவிப்பை என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பசைகூடக் காயவில்லை. ஜூன் கடைசியோடு நாணயமாற்றுக் கடைகளின் உரிமம் ரத்து. அதற்குப் பிறகு வெளிநாட்டு நோட்டில், நாம் சொல்கிற வெளிக்காசில், சம்பளம் கொடுக்கக்கூடாது, வாடகை வாங்கக்கூடாது, வரம்புக்கு மேல் வீட்டில் வைத்திருந்தால் பறிமுதல். ஏழு நாடுகள் சேர்ந்து அச்சடித்த உங்கள் தங்கநோட்டு மட்டும்தான் செல்லுபடியாகும். ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகத் தலைநகரத்துப் பெட்டகத்தில் தங்கம் வைத்திருக்கிறீர்களாம். அந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கொட்டை எழுத்தில் சொல்வதை நான் எப்போதும் இரண்டு தடவை யோசிப்பேன்.

வீட்டை விற்று முடித்தாயிற்று, நீயும் கையெழுத்துப் போட்டாய். இந்த ஊரில் வீடு, நிலம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் வெளிக்காசில்தான் விலை பேசுவோம். சொந்த நோட்டை நம்பி எவன் வீட்டை எழுதிக்கொடுப்பான்? அந்தக் கட்டுகள் அப்படியே கடை இரும்புப்பெட்டியில் இருக்கின்றன. அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்குச் சம்பளம், மருந்து, இனி அவள் இருக்கிற காலம்வரை எல்லாமே அதிலிருந்துதான். ஜூனுக்குள் அதை உங்கள் நோட்டாக மாற்றுவதா, உங்கள் நோட்டு மண்ணைக் கவ்வுகிறவரை பொறுத்திருப்பதா என்று நான் முடிவு செய்தாக வேண்டும்.

நீ பெட்டகப் பிரிவில்தானே இருக்கிறாய்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தங்கத்தை உன் கண்ணால் பார்த்தாயா?

அண்ணிக்கும் உன் விசாரிப்பு சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன், நீ சொல்லாவிட்டாலும்.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

நலமாகவே இருக்கிறேன், அம்மாவிடம் சொல். முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தடவாமல் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கச் சொல். அண்ணியை விசாரித்தேன்.

பசை காயாத அறிவிப்பைப் பார்த்து உனக்கு வயிறு எரிவது புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்தாயா? கடலுக்கு அப்பால், நாம் முகம்கூடப் பார்க்காத நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வட்டியை ஏற்றினால், இங்கே அம்மாவின் கண் சொட்டு மருந்துக்கு விலை ஏறுகிறது. போன வருஷம் ஏறியதே. அப்போது நீ என்ன செய்தாய்? வாசலில் இருக்கிற விலைப்பலகையை ஒரே நாளில் மூன்று தடவை அழித்து அழித்து எழுதினாய். ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். உனக்கு அது நல்ல வருஷம். புது நாற்காலிகூட வாங்கிப் போட்டாய். அடுத்தவன் அச்சடிக்கிற காகிதத்தை நம்பி ஏழு நாடு மூச்சுவிட வேண்டுமா? எங்கள் நோட்டு வந்தால் உன் பலகைக்கு வேலை இல்லை. உன் கோபத்துக்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

அப்பா கடையை உன் பெயருக்கு மாற்றியபோது ஏன் என்று கேட்டேன். "அவன் ஆம்பளை, கடைத்தெருவுல உட்காரணும்" என்றார். நோட்டை விரலால் தடவியே நல்லதா கெட்டதா என்று சொல்வது உன்னைவிட எனக்கு நன்றாக வரும். சந்தேகம் வந்தால் நீயே என்னைக் கூப்பிட்டுத்தான் கொடுப்பாய். நான் பார்த்துச் சொல்வேன், நீ காசை எண்ணுவாய். அந்தத் தெருவே மூடப்போகிறது என்றால் நான் அழுவேன் என்று எதிர்பார்க்காதே.

அம்மாவை இங்கே அனுப்பு. மூன்றாவது மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 11

தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் வந்தபிறகும் நலம்.

படித்துக்காட்டினேன். நாற்காலி விஷயத்தில் அம்மா சிரித்தாள். அப்பா விஷயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெந்நீர் ஒத்தடம் உன் அண்ணி தினமும்தான் கொடுக்கிறாள். தலைநகரத்திலிருந்து ஆலோசனை சொல்வது சுலபம். குனிந்து நிமிர்கிறவள் இவள்.

நீ பேசாத விஷயம் பாக்கி இல்லை. வட்டி, வரிசை, விலைப்பலகை, அப்பா, ஆம்பளை, லிஃப்ட். நான் கேட்ட ஒன்றை மட்டும் காணோம். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று.

இங்கே தெரு எப்படி இருக்கிறது தெரியுமா? உங்கள் நோட்டைக் கொடுத்தால் டீக்கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "இதுக்குள்ள தங்கம் எங்க சார்? சுரண்டினா வருமா?" என்கிறார். பக்கத்துக் கடை ஒல்லி, அவனை உனக்கு ஞாபகம் இருக்கும், வாய் சும்மா இருக்காது, "தங்கம்னு எழுதின காகிதத்துக்கும் தங்கத்துக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு, அந்தக் கதவுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் கேட்கிறான். எனக்கு அதைவிட நல்ல வசதி. கதவுக்கு உள்ளே இருக்கிறவளே என் தங்கை. அவளிடம் கேட்டால் லிஃப்ட் இருக்கிறது என்கிறாள்.

அம்மா வரமாட்டாள். கேட்டேன், "எனக்கு அந்த ஊர்ல யாரைத் தெரியும்?" என்றாள். இதில் நான் ஒன்றும் கலந்து சொல்லவில்லை.

பார்த்தாயா, இல்லையா?

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம். நாள் முழுக்க கையுறை போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் உரிகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

சபை வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்திருக்கிறேன். உனக்கு இது புரியாது. உன் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, வாய்க்கும் சேர்த்து. எனக்கு அப்படி இல்லை. மறுபடி இதைக் கேட்காதே.

"அந்த ஊர்ல யாரைத் தெரியும்" என்று அம்மா சொன்னாளாம். பெற்ற மகளைத் தெரியாதா? அல்லது, தெரியாதபடி நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறீர்களா? நான் போன தடவை வந்தபோது பக்கத்தில் உட்கார விடாமல் அண்ணி டீ, பலகாரம் என்று வந்துகொண்டே இருந்தாள். விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு வந்தேன்.

சொட்டு மருந்துக்கு இத்துடன் பணம் வைத்திருக்கிறேன். தங்கநோட்டுதான். உன் கடையில் மாற்ற வேண்டாம், மருந்துக்கடையில் நேராகக் கொடு.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம்.

நீ அனுப்பிய நோட்டை உன் அண்ணி மருந்துக்கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் வாங்கினார், ஆனால் முகமதிப்புக்கு வாங்கவில்லை. "இப்போதைக்கு இதுக்கு முக்கால் விலைதான் போடுவேன்மா. ஜூனுக்கப்புறம் இது என்னாகும்னு யாருக்குத் தெரியும்?" என்றாராம். உன் அண்ணி அங்கேயே "என் நாத்தனார் வேலை பார்க்கிற நோட்டு சார், முழுசாப் போடுங்க" என்று சண்டை பிடித்திருக்கிறாள். உன்னை விருந்தாளியாக நடத்தியவள்தான். மீதிக் காசைக் கையிலிருந்து போட்டு மருந்தை வாங்கி வந்தாள்.

ரகசியம் என்கிறாய். எத்தனை கட்டி, எந்தத் தெரு, எந்தப் பூட்டு என்று நான் கேட்கவில்லை. கொள்ளையடிக்க வரப்போவதில்லை. இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறேன். பத்திரிகையில் உங்கள் தலைவர் தினமும் இருக்கிறது இருக்கிறது என்கிறார். ஆனால் அவர் கோட்டு போட்டவர், கையுறை போட்டவர் அல்ல. நம் தெருவில் நோட்டைப் பற்றி எப்போதும் யாரை நம்புவோம்? கையில் எடுத்துப் பார்த்தவரை. விரல் உரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த விரல் எதைத் தொட்டு உரிகிறது? வெறும் பெட்டியையா?

உன்னோடு எனக்கு ஆயிரம் சண்டை. நீ திமிர் பிடித்தவள் என்று உன் முகத்துக்கு நேராகவே சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். இது என் பணம் மட்டும் இல்லை, அம்மாவின் சாப்பாடு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுது. தபால் அட்டையில் எழுது, கையெழுத்துகூட வேண்டாம்.

அண்ணன்


மே 15

தங்கைக்கு,

உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏப்ரல் முழுக்க ஒரு வரிகூட வரவில்லை. அம்மா தினமும் "தபால் வந்துச்சா?" என்று கேட்கிறாள், தபால்காரர் லீவு என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

தெருவில் பாதிக் கடை சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டது. எண்ணுகிற மெஷினை எடைக்குப் போடுகிறார்கள். இன்னொரு பக்கம் ஒரு வதந்தி. பெட்டகத்தில் இருப்பது பித்தளைக்கு முலாம் பூசியது, முன் வரிசை மட்டும் அசல் என்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவன் இன்னொருவனைக் காட்டுகிறான். ஒல்லி வெளிக்காசை வாங்கிக் குவிக்கிறான். "ஆகஸ்ட்ல இந்தத் தங்கநோட்டு கடலை மடிக்கத்தான் ஆகும். அப்போ எல்லாரும் வெளிக்காசுக்கு என் கால்ல விழுவாங்க, நீங்களும் சேர்த்துத்தான்" என்கிறான். அப்படி நடந்தால் மாற்றியவன் மண்ணோடு போவான். நடக்காவிட்டால் மாற்றாதவன் போவான். எனக்குத் தூக்கம் இல்லை.

நம் தெரு வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்ட நோட்டைக் கெட்டது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் சண்டை, சாட்சி, போலீஸ். பேசாமல் அவர் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு வெயிலைப் பற்றியோ பஸ் நேரத்தைப் பற்றியோ பேச்சை மாற்றுவோம். வந்தவரும் புரிந்துகொண்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் இதைப் பார்த்துத்தான் நீயும் நானும் வளர்ந்தோம். இப்போது நீ பேசாமல் இருக்கிறாய். வாயால் சொல்ல முடியாத நிலைமை என்றால், அதையும் நான் புரிந்துகொள்ளத் தயார்.

கடைசித் தடவையாகக் கேட்கிறேன். பெட்டகத்தில் இருக்கிறதா?

அண்ணன்


ஜூன் 6

அண்ணனுக்கு,

நலம். அம்மாவிடம் சொல்.

இங்கே வெயில் தாங்கவில்லை. மத்தியானம் தெருவில் ஆளே இல்லை. இரண்டு நாளாக மேகம் கட்டுகிறது, பெய்யக் காணோம். எங்கள் குடியிருப்புக்கு வரும் பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது காலையில் அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்காகக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன்.

தங்கை


ஜூன் 17

என் அன்புத் தங்கைக்கு,

நீ நல்லபடியாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தத் தடவை நானேதான் விசாரிக்கிறேன்.

உன் பதில் கிடைத்தது. வெயிலைப் பற்றி எழுதியிருந்தாய், பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் வேலையைப் பணயம் வைத்து எனக்குச் சொல்லியிருக்கிறாய். இத்தனை மாதம் உன்னைக் கண்டபடி திட்டினேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். நாளைக்கு யாரும் உன்னை எதுவும் கேட்டுவிடக்கூடாது. அம்மாவிடம்கூட எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணிக்கு மட்டும் தெரியும்.

ஜனங்கள் பயந்துபோய் வெளிக்காசைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், பாதி விலைக்குக்கூடக் கொடுக்கிறார்கள். வீட்டுப் பணத்தில் ஒரு நோட்டைக்கூட நான் மாற்றவில்லை. அதற்கு மேல், உன் அண்ணியின் நகைகளையும் விற்று, இந்த விலைக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கிவிட்டேன். கழுத்திலிருந்து கழற்றும்போது அவள், "உங்க தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மாத முடிவு வரைக்கும் வாங்கலாம், விற்கலாம், அதன்பிறகு பூட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு மாதம் பொறுத்தால் போதும்.

இது ஓயட்டும். அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வந்து உன்னிடம் விடுகிறேன். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, உன் இஷ்டம். அந்த நாற்காலியில் உட்காரட்டும்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 12

நாத்தனாருக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். இத்தனை வருஷம் வா, போ என்றுதான் பேசினேன். இனிமேல் நீங்கள்தான்.

நலமா என்று கேட்க மாட்டேன். இங்கே நலம் என்று சொல்லவும் மாட்டேன்.

போன மாதம் கடைசி வாரத்தில் ஜீப்பில் வந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நேராக இரும்புப்பெட்டியிடம் போனார்கள். வரம்புக்கு மேல் இருந்தது எல்லாம் பறிமுதல். கிட்டத்தட்ட எல்லாமே வரம்புக்கு மேல்தான் இருந்தது. மூட்டையில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது இவர் அவர்களோடு சண்டை போடவில்லை. "எடுத்துக்கோங்க சார், இன்னும் ஒரு மாசத்துல நீங்களே அதைத் தேடுவீங்க" என்று சிரித்தார். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அபராதம் தனி. இப்போது ஒரே ஒரு அறை, அதில் நாலு பேர் இருக்கிறோம். அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டேன். நான் ஒரு தையல் கம்பெனியில் பட்டன் தைக்கப் போகிறேன்.

முந்தாநாள் வரைக்கும் இவர் நம்பிக்கையோடுதான் இருந்தார். "அவ பொய் சொல்ல மாட்டா. இவனுங்க இன்னும் எத்தனை நாளைக்கு மறைப்பானுங்க?" என்று எனக்குத் தைரியம் சொல்லுவார்.

முந்தாநாள் டீவியில் பெட்டகத்தைத் திறந்து காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்களாகவே கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, துளைபோட்டுப் பார்த்து, அத்தனையும் சுத்தத் தங்கம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளை அங்கியோடு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கட்டியாக எடுத்துத் தராசில் வைத்துக்கொடுத்தது நீங்கள். தலையில் தொப்பி போட்டிருந்தும் உங்களை முதலில் கண்டுபிடித்தது என் மகள். "அத்தை! அத்தை!" என்று குதித்தாள். இவர் எழுந்து வெளியே போனார். விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். சீல் வைத்த கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவை வைத்துக்கொள்ள எங்களிடம் இப்போது ஒன்றும் இல்லை. கார் அனுப்புங்கள். நீங்கள் கேட்டது அதுதானே.

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு,

இதை அம்மாவிடம் படிக்காதே.

பெட்டகத்தில் தங்கம் இருக்கிறது. நீ ஜனவரியில் கேட்டபோதே இருந்தது. நீ முதல் கடிதம் எழுதிய வாரத்தில்தான் என்னைப் பெட்டகத்துக்கு உள்ளே வேலைக்குப் போட்டார்கள். பை வைக்காத அங்கி, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எங்களையே நிறுத்துப் பார்ப்பார்கள், செருப்பின் அடியைத் தூரிகையால் துடைத்துத்தான் அனுப்புவார்கள். ஒருவர் கட்டியின் எண்ணை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் படிக்கிறவள். பளபளப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பயன்படுத்திய சோப்பு மாதிரி மங்கலாக இருக்கிறது, ஆனால் தூக்கினால் மணிக்கட்டு இறங்குகிறது. அத்தனை கட்டியிலும் என் கை பட்டிருக்கிறது.

எழுதிக்கொடுத்த வாக்கு எத்தனை, எங்கே என்பதற்கு மட்டும்தான். இருக்கிறது என்று சொல்லலாம். வாசலில் நிற்கிற காவலாளிகூடச் சொல்லுவான். உனக்குத்தான் நான் சொல்லவில்லை.

முதல் கடிதத்தில் கோபத்தால் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவைகூட என்னைத் தேடாதவன் தேவை வந்ததும் கேட்கிறானே என்று. பிறகு நீ கெஞ்ச ஆரம்பித்தாய், அது எனக்குப் பிடித்திருந்தது. மே மாதம் தெரு வழக்கத்தைப் பற்றி எழுதினாய். வெயிலையும் பஸ்ஸையும் நான் தெரிந்துதான் எழுதினேன். எழுதி, ஒட்டி, அன்றைக்கே தபாலில் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஒரு தடவையாவது தோற்றுவிட்டு என் எதிரில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா இல்லை, நீயாவது நில் என்று.

நீ நன்றி சொல்லி எழுதியது ஜூன் 23 அன்று கையில் கிடைத்தது. இன்னும் ஒரு வாரம் இருந்தது. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவை நீயாக அனுப்புவதாக எழுதியிருந்தாய். நீ கொடுத்து நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று இருந்தது. உன்னால் வைத்துக்கொள்ள முடியாமல், வேறு வழியே இல்லாமல், அவள் என்னிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். பஸ் நேரமாகிவிட்டது, வேலைக்குப் போய்விட்டேன். மறுநாளும் போனேன்.

மன்னிப்புக் கேட்டால் நீ கொடுக்க மாட்டாய். எனக்கும் கேட்க வராது. சம்பளத்தில் பாதியை மாதாமாதம் அனுப்புகிறேன். அண்ணியின் நகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை காலை கார் வரும். டிரைவர் நல்லவர், பின் சீட்டில் தலையணை போடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவை மட்டும் அனுப்பிவிடு. நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். சத்தியமாகப் பார்த்துக்கொள்வேன்.

தங்கை


செப்டம்பர் 6

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

படிக்காதே என்று எழுதியிருந்தாய். ஒரே அறையில் எங்கே ஒளித்துப் படிப்பது? கவரைக் கிழிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. நான் மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். "என்ன இவ்ளோ நேரம் பேசாம இருக்க? படி" என்றாள். உடம்பு நலமாம், கார் அனுப்புகிறாளாம் என்றேன். "அதுக்கா இத்தனை தாள்? முழுசாப் படி" என்றாள். படித்தேன். இடையில் உன் அண்ணி தாள்களை வாங்கி மீதியைப் படித்தாள்.

முடித்தபிறகு அம்மா தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அவ இருக்குன்னு எழுதியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

"மறுநாளே மாத்தியிருப்பேன்மா."

"அவளைத்தான் நீ அப்படித் திட்டுவியே."

"திட்டுவேன். ஆனா அவ சொன்ன நோட்டை ஒரு தடவைகூட நான் திருப்பிப் பார்த்ததில்ல."

உண்மையைத்தான் சொன்னேன். உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நீ எடுத்துக்கொண்டாய். உன் பணம் எனக்கு வேண்டாம், உன் அண்ணிக்கும் வேண்டாமாம். வந்தால் திருப்பி அனுப்புவோம்.

வியாழக்கிழமை சொன்னபடி கார் வந்தது. நான் அம்மாவைத் தடுக்கவில்லை. இங்கே அவளுக்கு ஒழுங்கான கட்டில்கூட இல்லை, அங்கே போனால் கண்ணாவது பார்க்கலாம் என்று நானே எடுத்துச் சொன்னேன். புடவைகளை மடித்துப் பையில் வைத்தோம், தலை வாரிவிட்டோம். டிரைவர் நீ சொன்ன மாதிரியே நல்ல மனிதர், கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனார். கார் கதவுவரைக்கும் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். பையைத் திரும்ப வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தபிறகு, உனக்கு இதை எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ மேல எனக்குக் கோபம் இல்லைன்னு எழுது. கோபமா இருந்தா போயிருப்பேன், ரெண்டு நாள் கத்தித் தீர்த்திருப்பேன். எனக்குக் கண்ணு தெரியாது. மருந்துன்னு கொடுத்தா குடிக்கணும், படி இருக்குன்னு சொன்னா கால் வைக்கணும். அவ பேசாம இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அவகிட்ட இருக்கப் பயமா இருக்குன்னு எழுது."

அண்ணன்